கல்யாண கார்டுல அந்த மெல்லிசான சாய்வெழுத்து: உங்க கடையில எப்படிப் போகுது?

களியக்காவிளை, கார்டு கடை

இப்ப வர்ற ஆர்டர்ல பாதிக்கு மேல ஒரே மாதிரி இங்கிலீஷ் எழுத்துதான் கேக்குறாங்க. தண்டு தடியா, சேர்ற கோடு மயிரிழையா, வலப்பக்கம் சாய்ஞ்சு, நுனியில ஒரு சுழிப்பு. பொடோனி, டிடோங்கிற பழைய எழுத்துகளோட இட்டாலிக் (சாய்வெழுத்து) சாயல். பெரும்பாலும் பிளேஃபேர் டிஸ்ப்ளேங்கிற ஃபான்ட்தான், இலவசமா கிடைக்குதுல்லா. பாறசாலை, நெய்யாற்றின்கரை பார்ட்டிங்க போனை நீட்டி "இதுபோலெ மதி" (இது மாதிரி போதும்)னுட்டுப் போயிடறாங்க. பொண்ணு பேருக்கும் மாப்பிள்ளை பேருக்கும் நடுவுல பெருசா வர்ற அந்த 'அண்ட்' (&) குறிக்காகவே வர்றவங்களும் உண்டு. அழகுதான், மறுக்கல. ஆனா சொரசொரப்பு அட்டையில கோல்ட் ஃபாயில் (தங்க நிற மென்தாள்) அடிச்சா மயிரிழை விட்டு விட்டு விழுது. சின்ன 'என்' (n) எழுத்து ரெண்டு குச்சியா நிக்குது. மத்தவங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

மார்த்தாண்டம், ஸ்டிக்கர் கட்டிங்

அண்ணே, உங்களுக்காவது ஃபாயில். எங்களுக்கு வினைல், அதான் ஸ்டிக்கர் ஷீட். கட்டிங் முடிஞ்சு வேண்டாத பாகத்தை உரிக்கும்போது மெல்லிசு கோடும் கூடவே எந்திரிச்சு வந்துரும். கார் பின் கண்ணாடிக்குப் பேரு வெட்டுனா கதை முடிஞ்சுது. கோரல் டிரா சாஃப்ட்வேர்ல அவுட்லைன் போட்டுத் தடிமனாக்கலாம், ஆனா தண்டும் சேர்ந்து வீங்கிரும். தடிக்கும் மெல்லிசுக்கும் உள்ள வித்தியாசம்தானே அதுக்கு அழகு? அதனால கோட்டுல உள்ள புள்ளிகளை (நோடு) ஒவ்வொண்ணா இழுத்து, மெல்லிசை மட்டும் ஏத்துவேன். நேரம் பிடிக்கும். அதுக்குத் தனியா காசு கேட்டா ஆளு தரமாட்டாரு.

செங்கோட்டை, பழைய கம்பாசிட்டர் (அச்சு கோர்ப்பவர்)

தம்பிகளா, இந்தத் தொல்லை கம்ப்யூட்டரோட வந்ததில்ல. ஈய எழுத்து கோர்த்த காலத்துல இட்டாலிக் கேஸை (எழுத்து அடுக்குற தட்டை) எடுக்கணும்னாலே பயம். சாய்வெழுத்துல 'எஃப்' இருக்கே, அதோட தலையும் வாலும் ஈயக்கட்டையை விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், பக்கத்து எழுத்து மேல தோள் சாய்ச்ச மாதிரி. கோர்க்கும்போது கொஞ்சம் இறுக்கினாலும் சரி, டிரெடில்ல (காலால மிதிக்கிற அச்சு மிஷின்ல) அழுத்தம் ஏறினாலும் சரி, அந்த நீட்டல் 'டக்'னு ஒடியும். எங்க பிரஸ் கேஸ்ல முழு 'எஃப்'பை விட மூளி 'எஃப்'தான் அதிகம்.

சாய்வெழுத்து முதல்ல அலங்காரத்துக்கு வந்ததும் இல்ல. 1501-ல வெனிஸ்ல ஆல்டஸ் மனூட்டியஸ்னு ஒரு பதிப்பாளர் சின்னப் புத்தகம் முழுக்க அதிலேயே அடிச்சாரு. எழுத்தை வெட்டினது கிரிஃபோ. அப்ப பெரிய எழுத்தெல்லாம் (கேப்பிடல்) நிமிர்ந்துதான் நின்னுது, சின்ன எழுத்து மட்டும்தான் சாய்ஞ்சுது. நீங்க சொல்ற தடி-மெல்லிசு பாணி பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில வந்தது. பாரிஸ்ல டிடோ குடும்பம், இத்தாலியில பார்மா ஊர்ல பொடோனி. வழவழப்பான காகிதமும் நல்ல மையும் இருந்ததாலதான் அவங்க கோட்டை அவ்வளவு மெலிய வைக்க முடிஞ்சுது. பொடோனி 1813-ல போய்ட்டாரு. அவரோட எழுத்து மாதிரிப் புத்தகத்தை ரெண்டு பாகமா 1818-ல கொண்டு வந்தது அவரு மனைவி. காகிதத்தைப் பாத்து எழுத்தை வெட்டினாங்க. நாம எழுத்தை முடிவு பண்ணிட்டு, அப்புறம் சணல் மாதிரி அட்டையைத் தேடுறோம்.

இன்னொண்ணு. இங்கருந்து ஆரியங்காவு வழியா ரயிலேறினா கொல்லம். 1578-ல தமிழ் எழுத்துல புத்தகம் அச்சான ஊரு அது. நான் கோர்த்த ஈய எழுத்துல தமிழ் நிமிர்ந்துதான் நின்னுது. இப்ப கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனை அமுக்கிச் சாய்க்கிறானுவ பாருங்க, 'ப'வும் 'ம'வும் காத்துல சாய்ஞ்ச வேலி மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்கல.

கொல்லங்கோடு (பாலக்காடு), டிசைனர்

ஐயா சொன்னதுதான் சரி. எங்க பக்கம் ஒரே கார்டுல மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூணும் வரும். மூணையும் சாய்க்கச் சொல்வாங்க. மலையாளத்தோட வட்டமெல்லாம் முட்டை ஆயிரும். நான் இங்கிலீஷ் பேரை மட்டும் சாய்ச்சு, தமிழை நிமிர்த்தியே தடி-மெல்லிசு உள்ள எழுத்துல விடுவேன், நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி. பக்கத்துல வச்சா உறுத்தாது.

பெரிய தப்பு எங்க நடக்குதுன்னா, பேருக்குப் போட்ட அதே எழுத்துல மண்டப விலாசத்தையும் பொடியா அடிக்கிறது. பிளேஃபேர் டிஸ்ப்ளேங்கிற பேர்லயே 'டிஸ்ப்ளே'ன்னு இருக்கு, பெரிய அளவுக்குன்னு வரைஞ்சது அது. பிளேஃபேரை வரைஞ்ச கிளாஸ் எக்கர்ஸ் சோரன்சன் பிற்பாடு அதே குடும்பத்துல சின்ன அளவுக்குன்னு கோடு தடிச்ச வடிவமும் கொடுத்திருக்காரு. அதை யாரும் இறக்கிக்கிறதே இல்ல.

கம்பம்

குமுளி பார்ட்டிக்கு ஏலக்காய் பவுச். பச்சைப் பின்னணியில வெள்ளையா இந்த எழுத்து. ஃப்ளெக்ஸோவுல (ரப்பர் மாதிரி வளையுற பிளேட்டுல அடிக்கிற அச்சு) மை பரவி மயிரிழை மூடிப்போச்சு. இப்ப வெள்ளை எழுத்துன்னா இந்த வகையே வேண்டாம்னு முதல்லயே சொல்லிடறேன்.

களியக்காவிளை, கார்டு கடை

சரி ஐயா, காகிதம் பக்கம் வர்றேன். பார்ட்டி சொரசொரப்பு அட்டைதான் வேணும்னு நிக்கிறாரு. என்ன செய்ய?

மார்த்தாண்டம், ஸ்டிக்கர் கட்டிங்

பேரு மட்டும் வழவழ மேட் போர்டுல தனியா ஃபாயில் அடிச்சு, சொரசொரப்பு அட்டை மேல ஒட்டிக் குடுங்கண்ணே. ஒட்டுற கூலி கூட ஆகும், ஆனா பார்க்க ரிச்சா இருக்கும். தக்கலையில ஒரு கடையில அப்படித்தான் போட்டுருந்தாங்க. அதுக்கும் ஒத்துக்கலைன்னா பேரோட சைஸை ஏத்துங்க, 'அண்ட்' குறியைக் கொஞ்சம் சுருக்கிக்கலாம்.