என்சைம் சேர்க்காமலே நிறமாலை நகர்கிறது, ஏன்?

கிண்டி_எம்டெக்:
நுண்துளை சிலிக்கானில் ஜெலட்டினை நிரப்பி, புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் என்சைம்) அதைச் சிதைக்கும்போது எதிரொளிப்பு நிறமாலை எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறேன். என்சைம் இல்லாத வெறும் பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) ஊற்றினாலே நீலப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. சென்னை வெக்கையாலா?

சிலிக்கான்_சித்தர்:
வெக்கை இல்லை, பரப்புதான் காரணமாக இருக்கும். எச்சிங் (அமிலத்தால் அரித்துத் துளை போடுவது) முடிந்ததும் மேலே இருப்பது சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்பு, அது பஃபரில் ஆக்சைடாக மாறும், மெல்லக் கரையவும் செய்யும். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.5, ஆக்சைடுக்கு 1.45தான், அதனால் ஒளியியல் தடிமன் (ஒளிவிலகல் எண் × தடிமன்) குறைந்து நிறமாலை நீலப் பக்கம் போகிறது. ஜெலட்டின் வெளியேறினாலும் இதே குறைவுதான், ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இரண்டும் ஒன்று. ஜெலட்டின் போடும் முன்பே உலையில் சூடாக்கி ஆக்சைடு ஆக்கிவிடுங்க.

லித்தோ_லட்சுமி:
அதோடு சிப்பிலேயே பேட்டர்ன் போடுங்க. ஒரு கட்டத்தில் ஜெலட்டின், பக்கத்துக் கட்டம் காலி. இரண்டின் நகர்வையும் கழித்தால் வெப்பநிலை, ஆக்சைடு சமாசாரம் பெரும்பாலும் போய்விடும். அப்புறம், எச்சிங்குக்கு எடுக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் விளையாட்டில்லை, அது பட்டால் முதலுதவிக்குத் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாத லேபில் எச்சிங்கே வேண்டாம்.

கிண்டி_எம்டெக்:
சரி மேடம், ஜெல் இருக்கு. 37 டிகிரியில் ஜெலட்டின் தானாகவே கரைந்துவிடாதா?

சிலிக்கான்_சித்தர்:
கரையும். குளூட்டரால்டிஹைடு வைத்துக் குறுக்குப் பிணைப்பு (ஜெலட்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுவது) கொடுங்க, ஆனால் அளவாக. அதிகமானால் புரோட்டியேஸாலும் வெட்ட முடியாது.