2025ல அமெரிக்கா போட்ட 50% வரிக்கு அப்புறம் இறால் குஞ்சு விடலாமா? அரசு உதவி குட்டைக்காரனுக்கு வருமா?

டெல்டா_தம்பி:
வணக்கம். வேதாரண்யம் பக்கம் சித்தப்பாவோட சேர்ந்து வனாமி இறால் வளர்ப்பு பண்றோம். 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா வரி 50% ஆனதுல இருந்து ஏஜென்ட் போன் எடுத்தாலே "கவுண்ட் ரேட் இறங்கிடுச்சு"ன்னுதான் (கிலோவுக்கு எத்தனை இறால்னு பாத்து போடுற விலை) ஆரம்பிக்கிறார், தீவன மூட்டை விலை மட்டும் இறங்கவே இல்ல. இப்ப மழை, குட்டை சும்மா கிடக்கு, பொங்கல் முடிஞ்சதும் குஞ்சு விடணும்ங்கிறார் சித்தப்பா. நவம்பர்ல மத்திய அரசு ஏற்றுமதிக்கு 25,060 கோடி அறிவிச்சாங்களே, அதுல நமக்கு ஏதாவது உண்டா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, அது 2030-31 வரைக்கும் ஆறு வருஷத்துக்கு பிரிச்ச காசு, அதுவும் ஏற்றுமதி பண்றவங்களுக்கு. கூடவே வந்த 20,000 கோடி கடன் உத்தரவாதமும் அப்படித்தான், ரிசர்வ் வங்கி 2025 டிசம்பர் 31 வரைக்கும் தவணைய தள்ளி வச்சதும் ஏற்றுமதிக் கடனுக்குத்தான். நீங்க கம்பெனிக்கு சரக்கு போடுறவர், உங்க பேரு எந்த ஷிப்பிங் பில்லுலயும் (ஏற்றுமதிக்கு சுங்கத்துல குடுக்கிற தாள்) வராது. கம்பெனிக்காரனுக்கும் கஷ்டம்தான், இல்லன்னு சொல்லல, ஏற்கனவே இருந்த ஆன்டி டம்பிங் வரியெல்லாம் (அடிமாட்டு விலைக்கு வர்ற சரக்கு மேல போடுற வரி) சேத்தா 2025ல 58% கிட்ட போச்சு, அப்ப ஈக்வடார்காரனுக்கு 15% தான். ஆனா கம்பெனிக்காரன் அந்த நஷ்டத்த கவுண்ட் ரேட்ல இறக்கி உங்க தலையில வச்சிடுவான், நீங்க யார் தலையில வைப்பீங்க?

கரிசல்_மண்:
பருத்திக்கும் இதே கதைதான் சார். 11% இறக்குமதி வரிய 2025 ஆகஸ்ட் 19ல இருந்து அந்த வருஷக் கடைசி வரைக்கும் தூக்கிட்டாங்க, மில்லுக்கு லாபம், எங்களுக்கு அடி. ஆனாலும் நீட்டு இழைப் பருத்திக்கு 2025-26ல குவிண்டால் 8,110னு அரசு ஒரு ஆதார விலையாச்சும் வச்சாங்க. இறாலுக்கு அதுவும் கிடையாதுல்ல?

கணக்குப்பிள்ளை:
கிடையாது. பிடிச்ச அன்னிக்கே ஐஸ் போட்டு ஏத்தணும், குடோன்ல வச்சு விலை ஏறட்டும்னு காத்திருக்க முடியாது. அதனாலதான் சொல்றேன், குறைஞ்சபட்ச விலை இல்லாத பொருளுக்கு ஏற்றுமதியாளர் வழியா மட்டும் உதவி அனுப்பினா அது குட்டை வரைக்கும் வராது.

வனாமி_அண்ணாச்சி:
விடுறதா இருந்தா நெருக்கத்த குறைச்சு விடுங்க தம்பி, தீவனச் செலவு குறைஞ்சாலே பாதி பயம் குறையும். 2024-25ல நாம அனுப்பின 7.41 லட்சம் டன் உறைஞ்ச இறால்ல 3.11 லட்சம் டன் அமெரிக்காவுக்கே போச்சு, இப்ப எல்லாரும் ஐரோப்பா பக்கம் திரும்புறாங்க. 2025 செப்டம்பர்ல நம்ம நாட்டு 102 புது ஏற்றுமதி யூனிட்டுக்கு அங்க அனுப்ப அனுமதி கிடைச்சிருக்கு. ஆனா அங்க நம்ம சரக்குல பாதிய டெஸ்ட்டுக்கு எடுப்பான், குளோராம்பெனிகால்ங்கிற தடை பண்ணின ஆன்டிபயாடிக் இருந்துச்சோ கன்டெய்னர் திரும்பிடும். வரி நம்ம கையில இல்ல, மருந்து நம்ம கையிலதான் இருக்கு, மருந்துக்கடைக்காரன் குடுக்கிற பேரில்லாத பாட்டில் எதையும் குட்டையில ஊத்தாதீங்க.

அப்புறம் கிசான் கிரெடிட் கார்டு மீன், இறால் வளர்ப்புக்கும் உண்டு. பேங்க்ல பதிவுச் சான்றிதழ்தான் முதல்ல கேப்பாங்க. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துல உங்க குட்டை யார் பேர்ல பதிவாகியிருக்கு?

டெல்டா_தம்பி:
தாத்தா பேர்ல அண்ணாச்சி. அவர் இறந்து மூணு வருஷம் ஆச்சு.

வனாமி_அண்ணாச்சி:
சரியாப் போச்சு. நாளைக்கே மீன்வளத்துறை ஆபீஸுக்கு போங்க, குஞ்சு பேச்செல்லாம் அப்புறம்.