காதுகுத்துக்குப் போக மயக்க டாக்டருக்கு உரிமை உண்டா?

முள்ளியாறு | ஞாயிறு, இரவு 10.40

என் வீட்டுக்காரர் அரசு தாலுகா ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர். ஊர்ப் பெயர் வேண்டாம், கடைமடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கு முன்னால் எங்கள் பெண்ணுக்குக் காதுகுத்து. முத்துப்பேட்டைப் பக்கம் குலதெய்வம் கோயில். மூன்று வாரம் முன்பே லீவு எழுதிக்கொடுத்து கையெழுத்தும் வாங்கியாயிற்று. மொட்டை போட்டு, சந்தனம் தடவி, பிள்ளையை என் தம்பி மடியில் உட்கார வைத்தோம். ஆசாரி பெட்டியைத் திறக்கிற நேரத்தில் போன்.

திண்ணையில் பாயில் படுத்திருந்த பையனைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. கட்டுவிரியன் கடித்தால் பல பேருக்குக் கடித்ததே தெரியாது. விடியற்காலை வயிறு வலிக்கிறது என்றதும் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பையனால் இமையைத் தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, மூச்சோ இறங்கிக்கொண்டே வருகிறது. தொண்டையில் குழாய் போட வேண்டும். அதற்கென்று இருக்கிற ஒரே ஆள் இங்கே பட்டு வேட்டியில் நிற்கிறார்.

போய்விட்டார். குழாய் போட்டார். வென்டிலேட்டருக்கு மெடிக்கல் காலேஜ் போக வேண்டும் என்று 108 வண்டியிலும் அவரே ஏறி, குழாய் வழியாக மூச்சு கொடுக்கிற காற்றுப் பையை ஆறு விநாடிக்கு ஒரு தடவை அழுத்திக்கொண்டே போயிருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார். வேட்டியெல்லாம் வாந்தி. வலது கைவிரல் மடக்க முடியவில்லை என்று இடது கையால் சாப்பிட்டார். பையன் பிழைத்துவிட்டான். ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்களாம்.

பையன் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கேட்கிறேன், லீவில் இருக்கிறவரைக் கூப்பிட என்ன உரிமை இருக்கிறது? என் மாமனாரின் பதினாறாம் நாள் காரியத்தன்றும் இதே கதை. ஒரு சிசேரியன். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பார் வாளியை வைத்துவிட்டுப் போனார்.

டிகிரிகாப்பி | ஞாயிறு, இரவு 11.05

காதுகுத்துக்குத் தாய்மாமன் மடிதானே முக்கியம்? மாமன் இருந்தாரில்ல, விடுங்க.

முள்ளியாறு | ஞாயிறு, இரவு 11.12

குத்தும்போது தாய்மாமன் மடி போதும் சார். நாலாம் நாள் காது சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தபோது தாய்மாமன் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டான்.

வெட்டாறு_வடகரை | ஞாயிறு, இரவு 11.50

அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன்.

நாலு வருசம் முன்னாடி என் தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். வலி வந்து ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒரு மணிக்கு, குழந்தை துடிப்பு குறையுது, உடனே ஆபரேஷன்னாங்க. அடுத்த அஞ்சு நிமிசத்துல, மயக்க டாக்டர் இல்ல, கல்யாணத்துக்குப் போயிருக்காரு, வேற இடத்துக்கு எழுதித் தர்றோம்னாங்க. வண்டி வந்து, ஏத்தி, நாப்பது கிலோமீட்டர் போயி, அங்க எடுத்தப்போ மணி மூணேகால். பிள்ளை அழலை. ரொம்ப நேரம் கழிச்சு அழுதான். இப்ப அவனுக்கு நாலு வயசு. தலை நிக்கல. வாரத்துல மூணு நாள் பயிற்சிக்குத் தூக்கிட்டுப் போறா என் தங்கச்சி.

அந்த டாக்டரும் லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் போயிருப்பாரு. அவருக்கும் உரிமை இருந்திருக்கும். நான் அந்த உரிமையை என்ன பண்றது?

முள்ளியாறு | திங்கள், அதிகாலை 12.20

தம்பி, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. படித்துவிட்டேன்.

ராத்திரி_டூட்டி | திங்கள், அதிகாலை 3.15

லேபர் வார்டிலிருந்து எழுதுகிறேன், இப்போது கொஞ்சம் அமைதி. மகப்பேறு டாக்டர் நான்.

வெட்டாறு சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஆபரேஷன் என்று முடிவெடுத்து 30 நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு. உங்களுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகியிருக்கிறது. கத்தி என் கையில் இருக்கும், மயக்க டாக்டர் இல்லாமல் அது வெறும் இரும்பு.

ஆனாலும் முள்ளியாறு, நான் சொல்லப்போவது உங்களுக்கும் பிடிக்காது, வெட்டாறுக்கும் பிடிக்காது. உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குப் போனை எடுத்திருக்கக் கூடாது. கூப்பிட்டால் ஓடிவரும் ஆள் ஒருவர் இருக்கிறவரை இன்னொரு பணியிடம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ‘அங்கேதான் நடக்கிறதே’ என்று ஃபைல் மூடிவிடும். அவருடைய நல்ல மனசுதான் அந்த ஆஸ்பத்திரியின் ஓட்டையை மறைக்கிற சாக்குப்பை.

எனக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளை. ஒரு வருட மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தேன். முதல் மூன்று மாதம் டூட்டி நடுவில் பால் கறந்து, ஆக்ஸிடோசின் ஊசிமருந்துப் பெட்டி இருக்கும் அதே ஃப்ரிட்ஜில் வைப்பேன். சிஸ்டர் ஒருவர் பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி ‘இது மருந்து அல்ல’ என்று எழுதிவைத்தார். ஒரு இரவு ரத்தப்போக்கு கேஸ் ஒன்றில் எல்லோரும் ஓட, ஃப்ரிட்ஜ் கதவை யாரோ மூடவில்லை. காலையில் பாட்டிலைக் கொட்டினேன். இதைச் சொல்ல வந்ததே வேறு விஷயத்துக்கு, எழுதும்போது மறந்துவிட்டது. கூப்பிடுகிறார்கள்.

வெட்டாறு_வடகரை | திங்கள், காலை 6.30

டாக்டரம்மா, நீங்க எழுதுனதைப் படிச்சதுலேர்ந்து தூக்கமில்ல. போனை எடுத்திருக்கக் கூடாதா? அப்ப அந்தப் பாம்புக்கடிப் பையன்? அவன் செத்துப்போயி, பேப்பர்ல வந்து, ரோட்டுல மறியல் பண்ணி, அதுக்கப்பறம் பணியிடம் வரணுமா? அந்தச் சாவு யார் வீட்டுல விழணும்னு யாரு முடிவு பண்றது? எங்க வீட்டுல ஏற்கனவே ஒண்ணு விழுந்துருச்சு. நாலு வருசமாச்சு, அந்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டாவது மயக்க டாக்டர் வரலியே?

உங்க கொள்கைப்படி பார்த்தா வந்திருக்கணும்ல?

ராத்திரி_டூட்டி | திங்கள், காலை 9.10

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஓடி ஓடி வந்தாலும் வரவில்லைதானே.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 10.00

எல்லோரும் மனசைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஓய்வுபெற்ற அக்கவுண்ட்ஸ் ஆள், கூட்டல் கழித்தல் பார்க்கிறேன்.

வாரத்துக்கு 168 மணி நேரம். பாம்பும் பிரசவமும் ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லை. ரெசிடென்ட் டாக்டர்களுக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் பயிற்சியோடு வேலை பார்க்கிறவர்களுக்கு, ஒரே மூச்சில் 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று மத்திய அரசு 1992-லேயே விதி போட்டது. அது நடைமுறையில் என்ன ஆனது என்று டாக்டரம்மாவைக் கேட்டால் சிரிப்பார். அந்த 48-ஐயே வைத்துக்கொள்வோம். 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. லீவு, ட்ரெய்னிங், கோர்ட் சாட்சி எல்லாம் சேர்த்தால் நாலு பேருக்கு மேல். நாலு பேர் செய்ய வேண்டியதை ஒருவர் செய்கிறார். இதில் குடும்பமா நோயாளியா என்ற கேள்வியே தப்பு. வரவில் ஒன்று, செலவில் நாலு. எந்தக் கடையும் ஓடாது.

சீமாங்க் மையம், அதாவது அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம் என்று தமிழ்நாட்டில் கொண்டுவந்ததே இருபத்துநாலு மணி நேரமும் பிரசவ ஆபரேஷன் நடக்க வேண்டும் என்றுதான். பிரசவ டாக்டர், மயக்க டாக்டர், குழந்தை டாக்டர் என்று மூவரும் இருந்தால்தான் அது மையம். தேசிய சுகாதார இயக்கப் பணத்தில், கேஸுக்கு இவ்வளவு என்று வெளி மயக்க டாக்டரை அழைக்கவும் வழி உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு எந்த வெளி டாக்டர் வருவார் என்பது வேறு.

டிகிரிகாப்பி | திங்கள், காலை 10.25

கணக்கு சரி சார். அந்த வெளி டாக்டர்கள் யாரு? பகல்ல கவர்மெண்ட், சாயங்காலம் பிரைவேட். நம்ம மாநிலத்துல டூட்டி நேரம் போக வெளியில பிராக்டிஸ் பண்ண அனுமதி இருக்கு, தப்பில்ல. ஆனா குடும்பத்துக்கு நேரமில்லைன்னு அழுவுறவங்க, அந்தச் சாயங்காலத்தை யாருக்குக் குடுக்குறாங்கன்னு சொல்லட்டும். முள்ளியாறு அம்மா, உங்க வீட்டுக்காரர் வெளியில கேஸுக்குப் போவாரா மாட்டாரா?

வார்டு_அஞ்சு | திங்கள், காலை 11.40

டாக்டர், டாக்டர் பொண்டாட்டி, டாக்டர் பிராக்டிஸ். நடுவுல சிஸ்டர்னு ஒரு ஜாதி இருக்கு, ஞாபகம் இருக்கா? ஃப்ரிட்ஜ்ல பிளாஸ்டர் ஒட்டுறதுக்கு மட்டும் வர்றோம்!

நான் 2015-ல எம்ஆர்பி, அதான் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், மூலமா தொகுப்பூதியத்துல சேர்ந்தவ. கஜா புயல் அடிச்ச ராத்திரி, 2018 நவம்பர் 16, நான் டூட்டி. ஜன்னல் கண்ணாடி எல்லாம் உடைஞ்சு, பச்சப்பிள்ளைங்களைத் தூக்கி நடைபாதைச் சுவத்தோரமா வச்சோம். மறுநாள் மாத்திவிட ஆள் வர முடியல, ரோடு பூரா மரம். செல் டவர் இல்ல. எங்க வீட்டு ஓடு பறந்துருச்சு, மாமியாரும் என் மகனும் பள்ளிக்கூடத்துல இருக்காங்கன்னு மூணாம் நாள்தான் தெரியும். மகனுக்கு அப்ப நாலு வயசு. என்னைப் பார்த்துட்டு, பிஸ்கட் குடுக்குறாங்க நீயும் வரிசையில நில்லும்மான்னான்.

லீவுல இருக்குற டாக்டரைக் கூப்பிடலாமான்னு கேக்குறீங்க. போன் போடறதே நாங்கதான். அந்தப் பையன் மாதிரி ஒரு கேஸ் கண்ணு சொருகிக் கிடக்கறப்போ ரிஜிஸ்தர்ல ‘லீவு’ன்னு போட்டிருக்கறதைப் பார்த்துட்டு சும்மா நிக்க எந்த சிஸ்டராலயும் முடியாது. திட்டறதா இருந்தா எங்களைத் திட்டுங்க.

முள்ளியாறு | திங்கள், மதியம் 1.30

பள்ளிக்கூட சாப்பாட்டு இடைவேளை. டீச்சர் நான்.

சிஸ்டரக்கா, மன்னிக்க வேண்டும். அன்றைக்குப் போன் போட்டவர்களை மனசுக்குள் நிறையத் திட்டிவிட்டேன்.

டிகிரிகாப்பி சார், போவார். வாரத்தில் இரண்டு, மூன்று கேஸ் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு. வீட்டு லோனில் பாதி அதில்தான் அடைகிறது. இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், எழுதாமல் விட்டேன், ஏன் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சாயங்காலங்களையும் நான் அவரிடம் கேட்டுச் சண்டை போட்டதுண்டு. ‘அது நானாகப் போவது, இது என்னைப் பிடித்து இழுப்பது’ என்பார். வீட்டில் காத்திருக்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெட்டாறு_வடகரை | திங்கள், மதியம் 2.05

பாத்தீங்களா. நான் இதைக் கேக்கணும்னு நெனச்சேன், கேக்க வாய் வரல. அக்கா நேர்மையாச் சொல்லிட்டீங்க, அதுக்கு மதிப்பு உண்டு. ஆனா எனக்கு இன்னும் ஆறல. எந்தப் பிரைவேட் கேஸுக்கு ராத்திரி மயக்க டாக்டர் வரலைன்னு பிள்ளை கெட்டுப்போச்சுன்னு கேள்விப்பட்டிருக்கீங்க?

ராத்திரி_டூட்டி | திங்கள், மாலை 4.00

கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் பிறகு கடைசி நேரத்தில் எங்களிடம்தான் எழுதி அனுப்புவார்கள்.

கணக்குப்பிள்ளை | திங்கள், மாலை 4.30

பணியிடம் போட்டாலும் கடைமடைக்கு ஆள் வருமா என்று யாரும் கேட்கவில்லை. தஞ்சாவூர், திருச்சி என்றால் ஓடுவார்கள். இங்கே நல்ல பள்ளிக்கூடம் இல்லை, துணைக்கு வேலை இல்லை என்பார்கள். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாள் ஆகிறது? டாக்டரும் அப்படித்தான். மேல்மடையிலேயே பாய்ந்துவிடுகிறது.

முள்ளியாறு | திங்கள், இரவு 8.50

அவரிடம் இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். வெட்டாறு தம்பியின் பதிவு வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், ‘எந்த மாசம், எந்த வருஷம் என்று கேள்’ என்றார். நான் கேட்கவில்லை. அவர் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

வெட்டாறு_வடகரை | திங்கள், இரவு 9.20

வேணாம்க்கா. சொல்ல மாட்டேன். அவரா இருந்தாலும் இல்லாட்டியும் நான் என்ன பண்ணப்போறேன்.

வேற ஒண்ணு. வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுக்கலாம்னு இருக்கேன். எங்க ஊருக்கு, உங்க ஊருக்கு, ரெண்டுக்கும் சேத்து. ‘இரண்டாவது மயக்க மருந்து மருத்துவர் பணியிடம்’னு எழுதிவச்சிருக்கேன். நாலு கேட்டா ஒண்ணும் குடுக்க மாட்டாங்க, கணக்குப்பிள்ளை ஐயா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?

முள்ளியாறு | திங்கள், இரவு 9.31

போடுகிறேன். அவர் பெயர் எங்கேயும் வரக் கூடாது.

வெட்டாறு_வடகரை | திங்கள், இரவு 9.34

வராது. ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. அவரு டிரான்ஸ்ஃபருக்கு எழுதிப்போட்டிருக்காரா?

முள்ளியாறு | திங்கள், இரவு 9.47

போட்டிருக்கிறார். திருச்சிக்கு. கிடைத்தால் போய்விடுவோம் தம்பி.

வெட்டாறு_வடகரை | திங்கள், இரவு 9.50

சரிக்கா. அப்ப உங்க ஊருக்கு ரெண்டு இடம்னு மாத்தி எழுதிடறேன்.