ஜேசிபி மீட்டர் 2.7 காட்டுகிறது, பில்லில் 3 மணி 10 நிமிடம். எது சரி?

பெரியபட்டினத்துக்காரி:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்னக் கணக்கு இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கடற்கரைப் பக்கம் எங்களுக்கு 35 சென்ட் நிலம் இருக்கிறது. பத்து வருடம் யாரும் எட்டிப் பார்க்காததால் முழுவதும் வேலிக்கருவை. நடுவில் 11 பனை நிற்கிறது, அதைத் தொடக்கூடாது என்பது என் மாமியார் உத்தரவு. வீட்டுக்காரர் துபாயில் இருப்பதால் வேலையை நான்தான் பேசி முடித்தேன். ஜேசிபி மணிக்கு 1,200 ரூபாய், வண்டி வந்துபோக 800, டிரைவர் பேட்டா தனி. பாதி நிலத்தை இந்த வாரம் சுத்தம் செய்தாயிற்று.

வண்டி காலை 9.10க்கு வேலையை ஆரம்பித்தது. 12.05க்கு முடிந்தது. நடுவில் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. என் காக்கா (அண்ணன்) மகன், இன்ஜின் ஓடிய மணியைக் காட்டும் வண்டி மீட்டரை ஆரம்பத்திலும் முடிவிலும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான்: 4186.3, 4189.0. கழித்தால் 2.7.

மாலையில் வண்டிக்காரர் அனுப்பிய சீட்டில் 3 மணி 10 நிமிடம் என்று போட்டு, வேலைக்கு மட்டும் 3,800 கேட்டிருக்கிறார். கடிகாரப்படியே 2 மணி 55 நிமிடம்தான் ஆகிறது, அதிலும் டீ நேரம் இருக்கிறது. நான் 2.55-ஐ 1,200-ஆல் பெருக்கினேன். 3,060 வந்தது. 740 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார் என்று தோன்றுகிறது. பணம் பெரிதில்லை என்று சொல்ல மாட்டேன், பெரிதுதான். சண்டைக்குப் போகுமுன் என் கணக்கு சரியா என்று தெரிய வேண்டும். நிமிடத்துக்கு எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது?

பழைய எஸ்டிடி பூத்:

தங்கச்சி, சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு பேர் கணக்கும் தப்பு. அதுவும் ஒரே தப்பு.

மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடம் இல்லை. ஒரு மணியைப் பத்தாகப் பிரித்த பங்கு, அதாவது ஒவ்வொன்றும் 6 நிமிடம். .5 என்றால் அரை மணி. .7 என்றால் 42 நிமிடம். ஆக 2.7 என்பது 2 மணி 42 நிமிடம், 162 நிமிடம். வண்டிக்காரர் அந்த 7-ஐ 70 நிமிடம் என்று படித்திருக்கிறார். 2 மணியோடு 70 நிமிடத்தைச் சேர்த்துப் பாருங்கள், 3 மணி 10 நிமிடம் வருகிறதா? ஏமாற்ற நினைத்தவர் இவ்வளவு சுத்தமாகத் தப்பு பண்ண மாட்டார் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் தப்பு. 2 மணி 55 நிமிடத்தை 2.55 என்று கால்குலேட்டரில் அடித்தீர்கள். அதற்கு 100 நிமிட மணிதான் தெரியும், 60 தெரியாது. 55 நிமிடம் என்பது கிட்டத்தட்ட .92 மணி. எதற்கு இந்த வம்பு, எல்லாவற்றையும் முதலில் நிமிடமாக்கிவிடுங்கள். மணிக்கு 1,200 என்றால் நிமிடத்துக்கு 20 ரூபாய். 162 நிமிடத்துக்கு 3,240. அவர் 560 கூடுதலாகக் கேட்கிறார், நீங்கள் 180 குறைவாகக் கொடுக்கப் பார்த்தீர்கள்.

கடிகாரத்தோடும் ஒத்துப்போகிறது. 175 நிமிடத்தில் டீக்கு 13 நிமிடம். நம் ஊரில் டீ குடிக்க அதைவிடக் குறைவாக எடுத்துக்கொள்பவரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். 90-களில் தங்கச்சிமடத்தில், காசு கொடுத்துப் போன் பேசும் எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். லோக்கல் கால் இத்தனை நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று கணக்கு. அதைத் தாண்டி ஒரு விநாடி பேசினாலும் இரண்டு யூனிட். வெளியூருக்குத் தூரம் கூடக் கூட மீட்டர் வேகமாக ஓடும். இரவு 11 மணிக்கு மேல் கால்வாசிக் கட்டணம்தான் என்பதால் பத்தரைக்கே பெஞ்சு நிறைந்துவிடும். "வைக்கிறேன், வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த யூனிட்டுக்குள் போனவர்களை எண்ண முடியாது. செல்போனில் 2009-இல் விநாடிக்கு 1 பைசா என்று வந்த பிறகுதான் அந்தப் பயம் விட்டது. ஜேசிபியிலும் அதேதான். ரேட்டைக் கேட்கும்போதே அதை எந்த இடத்தில் முழுசாக்குவார்கள் என்றும் கேளுங்கள். சிலர் 6 நிமிடக் கணக்கில் வாங்குவார்கள், சிலர் அரை மணி. 2 மணி 5 நிமிடம் ஓடியதற்கு இரண்டரை மணிக் காசு கொடுத்தால், நிமிடம் 20 ரூபாய் என்று பேசியது 24 ஆகிவிடும்.

சாயல்குடி வண்டி:

நானும் வண்டி ஓட்டுபவன்தான். அண்ணன் சொன்ன மீட்டர் கணக்கு சரி. என்னிடம் வந்த புது டிரைவர் ஒருவன் இதற்கு நேர்மாறாக 1.8-ஐ ஒரு மணி 8 நிமிடம் என்று எழுதி, எனக்கு 40 நிமிடக் காசைத் தொலைத்தான். அதற்கு யாரும் இங்கே வந்து கேள்வி கேட்கவில்லை.

இன்ஜின் ஓடினால் மீட்டரும் ஓடும். பக்கெட் வேலை செய்கிறதா, டிரைவர் போனில் பேசிக்கொண்டு நிற்கிறாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உங்கள் டிரைவர் டீக்குப் போகும்போது நிறுத்தியிருக்கிறார், நல்ல பையன். நிறுத்தாவிட்டால் நீங்களே போய்ச் சொல்லலாம், தப்பில்லை.

800 வண்டிக்கூலியையும் சும்மா விடாதீர்கள். வேறொருவர் மணிக்கு 1,300, ஆனால் வந்துபோக எதுவும் வேண்டாம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 ரூபாய்தான் வித்தியாசம். அந்த 800 ஈடாக 8 மணி நேரம் ஓட வேண்டும். மூன்று மணி வேலைக்கு 1,300-காரர்தான் மலிவு. இது எங்கள் தொழிலுக்கு விரோதமான பேச்சு, இருந்தாலும் உண்மை.

ஆனால் நிமிடத்தை மட்டும் பிடித்துத் தொங்கினாலும் ஏமாந்துபோவீர்கள். கருவையை மேலோடு ஒடித்துப் போட்டால் வேலை சீக்கிரம் முடிந்த மாதிரி இருக்கும். அடுத்த மழைக்குத் தூரிலிருந்து மறுபடி தழைத்து நிற்கும். தூரோடு பிடுங்க நேரம் ஆகும். பனை பக்கத்தில் இன்னும் மெதுவாகத்தான் போக முடியும், வேரில் பக்கெட் பட்டால் பாவம். 162 நிமிடத்தில் பாதி நிலம், தூரும் வந்திருக்கிறது என்றால் அந்த டிரைவரை விட்டுவிடாதீர்கள்.

கரிமூட்டம்:

ஜேசிபியைக் கூப்பிடும் முன்னால், கருவையில் கரி மூட்டம் போடும் எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே. மரம் தடிப்பாக இருந்தால் நாங்களே ஆள் வைத்து வெட்டி, விறகுக்கு உங்கள் கையில் ஏதாவது காசும் கொடுப்போம். அப்புறம் தூருக்கு மட்டும் வண்டி விட்டால் மீட்டர் பாதிதான் ஓடும். மீதி நிலத்துக்காவது யோசியுங்கள்.

பெரியபட்டினத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. 2.55 என்று அடித்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிளஸ் டூவில் கணக்கில் 200-க்கு 170-க்கு மேல் வாங்கியவள் நான்.

வண்டிக்காரருக்குப் போன் செய்தேன். முதலில் "எத்தனை வருஷமா வண்டி ஓட்டுறோம்" என்று குரல் உயர்ந்தது. மீட்டர் படங்களை அனுப்பிவிட்டு, "புள்ளிக்குப் பின்னால் 7 இருந்தால் 42 நிமிடம்தானே காக்கா? 3 மணி 10 நிமிடம் என்றால் கடிகாரத்தைவிட அதிகமாகிறதே" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் அவரே திரும்பக் கூப்பிட்டு 3,240 போதும் என்றார். கூடவே, போன மாதம் சீட்டு எழுதும் வேலையை மகனிடம் கொடுத்ததாகவும், அவன் எத்தனை பேருக்கு இப்படி எழுதினானோ என்றும் புலம்பினார். பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் ராத்திரி உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டேன். வேலைக்கு 3,240, வண்டிக்கூலி 800, பேட்டா 200, மொத்தம் 4,240. 162-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 26 ரூபாய்க்கு மேல். 20 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் போட்டிம் ஆப்பில் கூப்பிட்டபோது இதைச் சொன்னால், "இந்தக் கணக்கை எங்கே கற்றாய், எங்கள் கம்பெனிக்கு வா" என்று சிரிக்கிறார்.

தூர் எல்லாம் வந்துவிட்டது, காலையில் போய்ப் பார்த்தேன். பனை 11-ம் அப்படியே நிற்கிறது.

மீதி நிலத்தில் மரம் தடிப்பாகத்தான் இருக்கிறது. கரிமூட்டம் சொன்னதை மாமியாரிடம் சொன்னேன், அவருக்குத் தெரிந்தவர்கள் யாரோ திருப்புல்லாணி பக்கம் இருக்கிறார்களாம். அவர்கள் வெட்டி முடித்த பிறகுதான் வண்டி. பக்கத்து நிலத்துக்காரருக்கும் இதே கருவைத் தொல்லை. ஒரே நாளில் இரண்டு இடத்திலும் வேலை வைத்தால் 800-இல் பாதியை அவர் தருவாரா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

டிரைவர் அதே பையன்தான் வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.