ஓடாத பழைய கார், வேறு ஊரில் கொட்டில்: இன்சூரன்ஸ் அனுபவங்களை எழுதுங்கள்

மொரிஸ்காரன் (வெள்ளவத்தை)

வருஷத்தில் எப்போதாவது தெருவுக்கு வரும் பழைய காரை, தான் இருக்கும் ஊரில் வைக்க இடமில்லாமல் சொந்த ஊரில் விட்டு வைத்திருப்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். இன்சூரன்ஸ் விஷயத்தில் உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

கார் 1959 மொரிஸ் மைனர், 948 சிசி, ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர். எனக்கு வேலை கொழும்பில். வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பில் கிடைத்தது ஒரேயொரு கார் நிறுத்தும் இடம். அதில் தினமும் ஓடும் கார் நிற்கிறது. மொரிஸ் நிற்பது திருகோணமலை உப்புவெளியில், மாமா வீட்டுத் தகரக் கொட்டிலில். கடல் கூப்பிடு தூரம். மாமா கிழமைக்கொரு தரம் திறப்பைப் போட்டு, பெற்றோல் பம்ப் டக் டக்கென்று அடித்து ஓயும் வரை பொறுத்திருந்து ஸ்டார்ட் பண்ணுவார். மனம் வந்தால் சாம்பல்தீவுப் பக்கம் ஓட்டிப்போய்த் திரும்புவார். ஓட்டம் அவ்வளவுதான்.

"ஓடாத காருக்கு எதுக்கு அண்ணை ஃபுல் இன்சூரன்ஸ்? தேர்ட் பார்ட்டி போதும், லைசன்ஸ் எடுக்கலாம்" என்றார் ஏஜென்ட். பாதி சரி. மூன்றாந் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம், அது இல்லாமல் காருக்கு வருஷா வருஷம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. ஆனால் அது நம்முடைய கார் மற்றவருக்குச் செய்யும் சேதத்துக்கான காப்பு. கொட்டிலில் நிற்கிற கார் யாரைப் போய் இடிக்கப்போகிறது? அதற்கு வரும் ஆபத்தெல்லாம் மரம், நெருப்பு, வெள்ளம், கள்ளன். இதில் ஒன்றுக்கும் அந்தத் தாளால் பயன் இல்லை. அதனால் முழுக் காப்புறுதிதான் வேண்டும் என்று நின்றேன். புயல், வெள்ளத்துக்கும் தனியாகக் கட்டினேன். பல கொம்பனிகளில் 'முழு' என்ற பேரில் விற்பதற்குள் இயற்கை அனர்த்தம் தானாக வந்துவிடாது. கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பும் தனிக் கணக்கு. அது அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் வழியாகப் போவது.

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் வந்தது நினைவிருக்கும். குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரையேறியது. உப்புவெளியில் பெரிய அழிவு இல்லை, ஆனால் பக்கத்து வளவு முருங்கை முறிந்து கொட்டிலின் மேல் விழுந்து, தகரத்தோடு குறுக்கு மரமும் காரின் கூரையில் இறங்கிவிட்டது. மாமா காலையில் அனுப்பிய படத்தில் கூரை நடுவே குழிந்து, அதற்குள் மழைத்தண்ணீரும் முருங்கைப் பூவும் நின்றன.

கொம்பனியின் முதல் கேள்வி: "பொலிசியில் வெள்ளவத்தை முகவரி இருக்கிறதே, கார் ஏன் உப்புவெளியில்?" கார் எங்கே நிற்கிறது என்று ஏஜென்டிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். அவர் என் அடையாள அட்டையில் இருந்த முகவரியையே விண்ணப்பத்தில் என் முகவரி, கார் நிற்கும் இடம் என்ற இரண்டு இடத்திலும் எழுதிவிட்டார். நல்லகாலம், பொலிசி எடுக்கும் முன்பே அவருக்கு வாட்ஸ்அப்பில் கொட்டிலின் படம் அனுப்பி, "மாமா வீடு, உப்புவெளி, எப்போதும் இங்கேதான் நிற்கும்" என்று எழுதியிருந்தேன். அவரும் கட்டைவிரல் போட்டிருந்தார். அந்தக் கட்டைவிரல்தான் காப்பாற்றியது. இழுபறிக்குப் பிறகு காசு வந்தது, தேய்மானம் கழித்துத்தான். அனுராதபுரச் சந்திப் பக்கத்து டிங்கர் ஒருவர் உள்சீலையைக் கழற்றிவிட்டு, மண் நிரப்பிய சின்னத் தோல்பையை வெளியே அணைகொடுத்து உள்ளிருந்து தட்டித் தட்டிக் கூரையை எடுத்தார். இன்றைக்குக் கை வைத்துத் தடவினாலும் குழி தெரியாது.

அதிலிருந்து என் எண்ணம் ஒன்றுதான். இந்த மாதிரிக் காருக்கு எந்தக் கொம்பனி மலிவு என்பது இரண்டாவது கேள்வி. கார் எங்கே நிற்கிறது, யார் திறப்பு வைத்திருக்கிறார், எவ்வளவு ஓடும், என்ன பெறுமதி என்ற நான்கும் கொம்பனியின் தாளிலேயே ஏறியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஏஜென்ட் நல்ல மனிதராக இருக்கலாம், நாளைக்கு வேறு கொம்பனிக்கு மாறிவிடுவார்.

லண்டன் மருமகன்

தம்பி, நல்ல இடத்தில் தொட்டிருக்கிறீர்கள். எங்கள் கார் திருகோணமலைப் பாலையூற்றில், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ55. மாமனாருடையது.

இங்கே பிரித்தானியாவில் இந்தத் தலைவலி குறைவு, ஏனென்றால் பழங்காருக்கென்றே பொலிசி விற்கிறார்கள். வருஷத்துக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓட்டமாட்டேன், இரவில் பூட்டிய கராஜில் விடுவேன், அன்றாடப் பாவனைக்கு வேறு கார் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தால் பிரீமியம் நன்றாகக் குறையும். பெறுமதியும் படங்களைப் பார்த்து முன்கூட்டியே இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தொகை. கார் முழுக்கப் போனால் அந்தத் தொகைதான், பிறகு சந்தை விலை என்று பேரம் கிடையாது. தெருவுக்கே எடுக்காத கார் என்றால் அரசாங்கத்துக்கு அறிவித்துவிட்டு இன்சூரன்ஸ் இல்லாமலே வளவுக்குள் வைத்திருக்கலாம். அப்படி வைத்திருப்பவர்களுக்குக்கூட நெருப்பு, களவுக்கு மட்டும் ஒரு காப்பு கிடைக்கிறது. 40 வயது தாண்டிய காருக்கு வாகன வரியும் இல்லை.

இதே நினைப்போடு ஊருக்குப் போய் ஒரு கொம்பனி மேசையில் உட்கார்ந்தால், அந்தப் பிள்ளை கணினியில் 'ஒஸ்டின்' என்று தேடுகிறது, பட்டியலிலேயே இல்லை. சரி, அது பரவாயில்லை, கையால் எழுதலாம். பெரிய சிக்கல் வேறு. கார் இன்னும் மாமனார் பேரில். அவர் காலமாகிக் கன காலம். அனுமதிப்பத்திரம் அந்தப் பேரிலேயே வருஷா வருஷம் எடுத்துக்கொண்டு வந்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் இறந்தவர் பேரில் உள்ள காருக்கு நான் கட்டும் பிரீமியத்துக்கு என்ன உரிமை? கார் போனால் நட்டம் யாருக்கு என்று காட்டத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் நட்டஈடு கேட்கவே முடியாது.

கடைசியில் மாமியின் பேருக்கு மாற்றினோம். சட்டத்தரணி, சத்தியக்கடதாசி, மரணச் சான்றிதழ், பிள்ளைகள் எல்லாரின் சம்மதம். ரொறன்ரோவில் இருக்கும் மச்சானின் கையெழுத்துக்குத்தான் அதிகம் இழுபட்டது. மாமி தன் சார்பில் கையெழுத்துப் போட மச்சாளுக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருக்கிறா. கொம்பனிக்கு அதன் பிரதியும் கொடுத்தாச்சு. வெளிநாட்டிலிருப்பவர்கள் காருக்குப் பெயின்ற் அடிக்கும் முன் காரின் பதிவுப் புத்தகத்தில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள்.

பீட்டில் ரீச்சர் (உவர்மலை)

என்னுடையது சின்னக் கதை. எங்கள் பீட்டில் வெள்ளை நிறம், அதனால் ஊரில் எந்தக் கலியாணம் என்றாலும் கேட்டு வருவார்கள். பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு முன்னால் பூமாலையோடு அது நின்ற படம் கன வீட்டு அல்பத்தில் இருக்கிறது. சொந்தக்காரருக்குச் சும்மா கொடுப்பது வழக்கம். பிறகு ஆட்கள் 'பெற்றோல் காசு' என்று என்வலப்பில் வைக்கத் தொடங்கினார்கள், அதற்குப் பிறகு தம்பி முறையானவன் ஒருவன் "அக்கா, நான் புக்கிங் பிடித்துத் தாறன்" என்று வந்தான்.

கொம்பனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த பொலிசி, காசு வாங்கிக்கொண்டு ஓடினால் நிற்காது என்றார்கள். மாப்பிள்ளை பொம்பிளை உள்ளே இருக்கும்போது ஏதும் நடந்தால் என்ற நினைப்பிலேயே எனக்குக் கை விறைத்துவிட்டது. இப்போது என்வலப்பும் இல்லை, புக்கிங்கும் இல்லை. அவன் என்னோடு கதைப்பதும் குறைவு.

மொரிஸ்காரன், கேட்க நினைத்தேன்: பெறுமதியை எப்படிப் போட்டீர்கள்? நான் 2019இல் போட்ட தொகையைத்தான் இன்னும் புதுப்பிக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற அசெசர் (திருமலை)

ரீச்சர், அதை உடனே மாற்றுங்கள். மொரிஸ்காரன் பதில் சொல்லும் முன் நான் சொல்லிவிடுகிறேன், கொம்பனிகளுக்காகச் சேதத்தை மதிப்பிடுவது நான் சோறு தின்ற தொழில்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் ரூபாய் விழுந்தது. ஓடுகிற கார் எல்லாம் விலை ஏறியது, பழங்காரும் சேர்ந்து ஏறியது. அதற்கு உதிரிப்பாகம் பிரித்தானியப் பவுண் விலையில்தானே வருகிறது. 2019இல் போட்ட தொகை இன்றைக்கு அரைவாசிக்கும் காணாமல் இருக்கலாம். பல பொலிசிகளில் ஒரு விதி உண்டு: காரின் உண்மைப் பெறுமதி 20 இலட்சம், நீங்கள் போட்டது 10 இலட்சம் என்றால், 4 இலட்சச் சேதத்துக்கு 2 இலட்சம்தான் கையில் வரும். மிச்சத்துக்கு நீங்களே இன்சூரன்ஸ் கொம்பனி. கார் முழுதாகப் போனால்தான் தொகை முக்கியம் என்று ஆட்கள் நினைப்பது தவறு.

அசெசர் வரும்போது என்ன பார்ப்பார்? முதலில் சேசிஸ் இலக்கம். பழைய தகடுகளில் எழுத்து தேய்ந்திருக்கும், அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் இலக்கம் வெளிவரும். அது புத்தகத்தோடு ஒத்துப்போகவேண்டும். எஞ்சின் மாற்றிய காரென்றால் அதுவும் புத்தகத்தில் ஏறியிருக்கவேண்டும். எத்தனையோ மொரிஸுக்குள் ஜப்பான் எஞ்சின் பார்த்திருக்கிறேன், புத்தகத்தில் மட்டும் ஒரிஜினல் இலக்கம்! இப்படியான காருக்கு நட்டஈடு எழுத எனக்கே பேனா ஓடாது.

பிறகு, எது கிடைக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். துரு கிடைக்காது. உப்புவெளி, நிலாவெளிக் காற்றில் கார் ஓடாமலே கரையும், மொரிஸ் என்றால் கதவுக்குக் கீழ் படிப்பக்கமும் அடிச்சட்டமும் முதலில் போகும். அது தேய்மானக் கணக்கு. நின்று நின்று பிரேக் இறுகினால், பற்றரி செத்தால், டயர் ஒரு பக்கம் தட்டையானால் ஒன்றும் வராது. எலி வயரைக் கடித்தால் வாதாடலாம், எழுத்தில் இல்லாவிட்டால் தோற்பீர்கள். எலி கடித்து, அதனால் நெருப்புப் பிடித்தால் அது வேறு கதை.

இன்னொன்று. காரை ஓட்டவே போவதில்லை என்றால் பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே அறிவிக்கலாம். அனுமதிப்பத்திர நிலுவையும் தண்டமும் சேராது. ஆனால் அப்படி அறிவித்த காரை "சும்மா சந்தி வரைக்கும்" என்று எடுக்கக்கூடாது. மொரிஸ்காரனின் மாமாவுக்கு அது சரிவராது, அவருக்குச் சாம்பல்தீவு வேண்டும்.

மொரிஸ்காரன் (வெள்ளவத்தை)

ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். ரீச்சர், நான் முதலில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைக் கூட்டிவந்து அறிக்கை எடுத்தேன். அடிச்சட்டம், எஞ்சின் அறை, இருக்கை, மைல்மானி எல்லாவற்றுக்கும் படம். அறிக்கையோடு கொம்பனிக்கு மின்னஞ்சல் போட்டு, "முழு இழப்பென்றால் இந்தத் தொகையை ஒத்துக்கொள்கிறீர்களா, சந்தை விலை என்று பிறகு குறைப்பீர்களா?" என்று நேரடியாகக் கேட்டேன். ஒரு கொம்பனி பதிலே போடவில்லை. இன்னொன்று "வழமையான நிபந்தனைகள் பொருந்தும்" என்றது, அதாவது குறைப்போம். மூன்றாவது, கிளையில் முடியாது என்று தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, ஒத்துக்கொண்ட பெறுமதி என்று பொலிசியின் இணைப்பிலேயே எழுதித் தந்தது. பிரீமியம் கூட, ஆனால் தாள் கையில் இருக்கிறது. வருஷா வருஷம் புதுப்பிக்கும்போது தொகையைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. எனக்கும் அது வசதிதான்.

நிறுத்தும் இடம் என்ற வரியில் இப்போது உப்புவெளி வீட்டு முகவரி இருக்கிறது. ஓட்டுபவர் வரியில் மாமாவின் பேரும் இருக்கிறது. அவருடைய சாரதி அனுமதிப்பத்திரம் எப்போது முடிகிறது என்று என் போனில் நினைவூட்டல் போட்டு வைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது.

லண்டன் அண்ணை, ஏ55க்கு வலப்பக்க முன் விளக்கு வளையம் ஒன்று கந்தளாய்ப் பக்கம் ஒரு கராஜில் தொங்குவதைப் பார்த்தேன். வேண்டுமென்றால் சொல்லுங்கள், அடுத்த தரம் ஊருக்குப் போகும்போது விசாரிக்கிறேன்.