ரீசேல் வீட்டு கிராண்ட்: ஊர்ல இருக்கற அப்பா வீடும் கணக்குல வருமா?

மன்னை_பையன்:
வணக்கம் மக்களே. நான் சிங்கப்பூர்ல பிஆர் (நிரந்தரவாசி), வொய்ஃப் இங்கயே பொறந்து வளர்ந்த சிட்டிசன், கல்யாணம் ஆனதுலேர்ந்து வாடகை ரூம்தான். ரெண்டு பேர் சம்பளமும் சேத்தா மாசம் 7,800 வெள்ளி. செங்காங்ல மாமனார் வீட்டுக்குப் பக்கத்துலயே நாலறை ரீசேல் (ஒருத்தர் வாங்கியிருந்து இப்ப விக்கற எச்டிபி வீடு, அதான் அரசு வீடமைப்புக் கழக வீடு) பாத்துக்கிட்டு இருக்கோம், ஏஜென்ட் என்னடான்னா லட்சத்துக்கு மேல கிராண்ட் (அரசு மானியம்) கெடைக்கும்ங்கறாரு, நெசமாவா? இன்னொண்ணு, மன்னார்குடி பக்கம் எங்க ஓட்டு வீடு ஒண்ணு இருக்கு. அப்பா உயில் எதுவும் எழுதாமயே போயிட்டாரு, பட்டா இன்னும் அவர் பேர்லதான் கெடக்கு, அம்மா அங்க இருக்காங்க, தங்கச்சி கட்டிக்குடுத்த எடத்துல. வீடு வாங்கத் தகுதி இருக்கான்னு பாத்து எச்டிபி குடுக்கற எச்எஃப்இ லெட்டருக்கு அப்ளை பண்ணா வெளிநாட்டுல வீடு இருக்கான்னு கேக்குதாம். என்ன போடறது?

செங்காங்_அக்கா:
ஏஜென்ட் சொன்னது சரிதான் தம்பி. இஎச்ஜிக்கு (வருமானத்தப் பொறுத்துக் குடுக்கற கிராண்ட்) ரெண்டு பேரோட 12 மாச சராசரி வருமானத்தப் பாப்பாங்க, 7,800க்கு 20,000 வெள்ளி வரும், ஆனா உங்கள்ல ஒருத்தராவது அந்த 12 மாசமும் விடாம வேலையில இருந்திருக்கணும். ஃபேமிலி கிராண்ட் ரெண்டு பேரும் சிட்டிசன்னா நாலறைக்கு 80,000, நீங்க பிஆர்ங்கறதால 70,000தான். பின்னாடி சிட்டிசன்ஷிப் கெடைச்சா மிச்ச 10,000ஐ கேட்டு வாங்கலாம், ஆறு மாசத்துக்குள்ள அப்ளை பண்ணிடணும். மாமனார் வீடு 4 கிலோமீட்டருக்குள்ள இருந்தா இன்னொரு 20,000. ஆக 1,10,000.

ஆனா ஒரு காசு கையில வராது, எல்லாம் சிபிஎஃப்ல (ஊர்ல பிஎஃப் மாதிரி இங்க இருக்கற சேமநிதிக் கணக்கு) போயி அங்கேர்ந்து வீட்டுக்குப் போயிடும். நாளைக்கு வீட்ட வித்தா அந்த கிராண்டையும் 2.5% வட்டியோட உங்க சிபிஎஃப்லயே திருப்பிப் போடணும். உங்க கணக்குக்குத்தான் வருது, அதுல நஷ்டம்னு சொல்ல மாட்டேன், ஆனா வித்தா இவ்ளோ கேஷ் நிக்கும்னு மனக்கோட்டை கட்டாதீங்க. அப்பறம் வீட்டோட லீஸ் (குத்தகைக் காலம்) எத்தன வருஷம் மிச்சம்னு பாருங்க, உங்கள்ல வயசு கம்மியானவருக்கு 95 ஆகற வரைக்கும் வரலன்னா இஎச்ஜிய கொறச்சிடுவாங்க.

ஜூரோங்_கிங்:
ப்ரோ பட்டாவே உங்க பேர்ல இல்ல, அப்பறம் என்ன? இல்லன்னு டிக் பண்ணிட்டுப் போங்க. மன்னார்குடி வரைக்கும் வந்தா செக் பண்ணப் போறான்?

பத்திரம்_பரமு:
ஜூரோங்_கிங், தயவுசெஞ்சு இப்படி அடுத்தவன் வீட்டோட வெளையாடாதீங்க. பொய்யா டிக்ளேர் பண்ணா அது குத்தம், வீட்டையே திருப்பி எடுத்துக்கற அதிகாரம் எச்டிபிக்கு இருக்கு.

மன்னை தம்பி, பட்டாவ விடுங்க. அது உங்க அப்பா சுயமா சம்பாதிச்ச வீடுன்னா, உயில் இல்லாம அவர் போன அன்னைக்கே 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்க, தங்கச்சி மூணு பேருக்கும் சமபங்கு வந்தாச்சு. அப்பாவப் பெத்த பாட்டி இருந்தா அவங்களுக்கும் உண்டு. எச்டிபியும் வாங்குன வீடு மட்டும் இல்ல, வாரிசா வந்த வீட்டையும் சொந்த வீடாத்தான் பாக்குது, பங்கு சின்னதா இருந்தாலும் பங்குதான். இஎச்ஜியும் ஃபேமிலி கிராண்டும் வேணும்னா கையில தனியார் வீடு எதுவும் இருக்கக் கூடாது, போன 30 மாசத்துக்குள்ள வித்தோ எழுதிக் குடுத்தோ இருக்கவும் கூடாது. சிங்கப்பூர்னாலும் வெளிநாடுன்னாலும் இதே ரூல்தான்.

அதனால இன்னைக்கு ஊருக்குப் போயி அம்மா பேருக்கு விடுதலைப் பத்திரம் (என் பங்க விட்டுக் குடுக்கறேன்னு எழுதறது) எழுதிக் குடுத்தாலும், பதிவு பண்ண அன்னையிலேர்ந்து 30 மாசம் ஓடணும். ஊர்ல நம்மாளுங்க பாதிப் பேரு பட்டா மாத்தறதையே கல்யாணம் காதுகுத்து வரைக்கும் தள்ளிப் போடுவாங்க, இங்க வந்து அது இப்படி இடிக்கும்னு யாரு கண்டா. மொதல்ல தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் வாங்குங்க, அதையும் பட்டா நகலையும் வெச்சு உள்ளத உள்ளபடி எச்டிபிக்கு எழுதிக் கேளுங்க. அவங்க எழுத்துல குடுக்கற பதில்தான் செல்லும், என் பேச்சோ ஏஜென்ட் பேச்சோ செல்லாது.

பொங்கோல்_வாசி:
கிராண்ட் கத இருக்கட்டும், கேஷ் எவ்ளோ வெச்சிருக்கீங்க? ஆப்ஷன் (உங்களுக்கு விக்கறேன்னு ஓனர் எழுதிக் குடுக்கற ஒப்பந்தம்) வாங்குன அப்பறம்தான் வேல்யுவேஷனே (வீட்டோட அதிகாரபூர்வ மதிப்பு) தெரியும். 6 லட்சத்துக்குப் பேசி முடிச்சு வேல்யுவேஷன் 5,80,000னு வந்தா அந்த 20,000 முழுக்க ரொக்கம், கிராண்டும் உதவாது லோனும் உதவாது. அதுபோக 6 லட்சம்னா ஸ்டாம்ப் டியூட்டி 12,600, அது சிபிஎஃப்ல போயிடும். எச்டிபி லோன் இப்ப 75% வரைக்கும்தான், 2024 ஆகஸ்ட்ல கொறச்சிட்டாங்க.

இன்னொண்ணு, ஆப்ஷனுக்குக் கை நீட்டறதுக்கு முன்னாடி அந்த பிளாக்ல இந்தியர் கோட்டா (ஒரு பிளாக்ல ஒவ்வொரு இனத்துக்கும் இவ்ளோ வீடுதான்ங்கற வரம்பு) தெறந்திருக்கான்னு எச்டிபி சைட்ல பாருங்க, மாசம் 1ஆம் தேதி மாறும். மூடியிருந்தா இந்தியர் விக்கற வீடா பாத்துத்தான் வாங்க முடியும், மத்தவங்க கிட்டேர்ந்து முடியாது.

மன்னை_பையன்:
அக்கா, பரமு அண்ணே, வாசி, ரொம்ப நன்றி. வீடு அப்பா வளைகுடாவுல இருந்து சம்பாதிச்சுக் கட்டுனதுதான், அப்ப பங்கு இருக்கு. ஏஜென்ட் இதப்பத்தி வாயே தெறக்கல. ஆப்ஷன் இப்ப வேணாம்னு சொல்லிட்டேன், மாமனாருக்குத்தான் மூஞ்சி தொங்கிப் போச்சு. பரமு அண்ணே, தங்கச்சி கையெழுத்து இல்லாம என் பங்க மட்டும் அம்மாவுக்கு எழுதிக் குடுக்கலாமா?

பத்திரம்_பரமு:
உங்க பங்க எழுதிக் குடுக்க தங்கச்சி சம்மதம் வேணாம். ஊருக்குப் போக முடியலன்னா இங்க இந்தியத் தூதரகத்துல பவர் பத்திரத்துல கையெழுத்து போட்டு அனுப்பலாம். ஆனா எச்டிபி பதில் வந்த பெறகு பண்ணுங்க.