பட்டாளத்தில் இருந்த அப்பாவின் நினைவுரையில் எதை எழுதுவது?

கேள்வி: களியக்காவிளை மகள்

மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தந்தையார் அண்மையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நினைவு ஆராதனையில் வாசிக்கவும் சிறு மலராக அச்சிடவும் அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரைத்தான் முதலில் எழுத வேண்டும் என்கிறார்கள் உறவினர்கள். சபைப் பெரியவர்களோ ஆலயப் பணியை முன்வைக்கச் சொல்கிறார்கள். அப்பா போரைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததே இல்லை. ஓய்வுக்குப் பின் அவர் செய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வழி தெரியாத நோயாளிகளை விடியற்காலைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போய், மலையாளத்தில் பேசிச் சீட்டு எடுத்துக் கொடுத்து, மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை கூடவே இருந்துவிட்டு இரவில்தான் வீடு திரும்புவார். அவருடைய டிரங்குப் பெட்டியில், பணி முடிந்தபோது படையில் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகமும் சில பதக்கங்களும் அட்டை பிய்ந்த வேதாகமமும் இருக்கின்றன. எதை எவ்வளவு எழுதுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித்தர வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற சுபேதார், குழித்துறை

அம்மா, ஆழ்ந்த இரங்கல். முதலில் பதக்கங்களின் விளிம்பைப் பாருங்கள். அவருடைய படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பூர்வி ஸ்டார் இருந்தால் 1971இல் கிழக்கு முனையிலும், பச்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனையிலும் பணியாற்றியிருக்கிறார். சங்கிராம் மெடல் மட்டும் இருந்தால், அந்தப் போர்க்காலத்தில் படையில் இருந்தார் என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற விவரங்களுக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பாருங்கள். போதாவிட்டால் படை எண்ணைக் குறிப்பிட்டு நீலகிரி வெலிங்டனிலுள்ள ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். அக்கம்பக்கத்தார் சொல்லும் வீரக்கதைகளைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். தம் போரைப் பற்றிப் பேசாமலே இருந்த மனிதருக்கு நாம் வசனம் புனைவது மரியாதையாகாது.

ஆலயத்தையும் பட்டாளத்தையும் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். எங்கள் பட்டாலியனில் எல்லா மதத்தாரும் வழிபடும் சர்வ தர்ம ஸ்தலம் ஒரே கூரையின் கீழ் இருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இந்துச் சகோதரர்கள் வந்து அமர்வார்கள், அவர்களுடைய பூஜைக்கு நாங்கள் போய் நிற்போம். சாதியும் சபையும் கேட்காமல் நோயாளிகளைக் கூட்டிச்சென்றவரின் விசுவாசம் அங்கேயும்தான் வளர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பதில்: பாறசாலை வாசகர்

சுபேதார் ஐயா சொல்வதை முழுமனதாக ஏற்கிறேன். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பட்டாளத்து மாமா இருந்தார். என் அப்பா இறந்தபோது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் இருந்ததால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோனது. அது சரியாகும்வரை அலுவலகம் அலுவலகமாக அம்மாவோடு ஏறி இறங்கியவர் அவர்தான். நவம்பர் வந்தால், ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் வாழ்நாள் சான்றிதழ்ப் படிவங்களோடு ஆலயத் திண்ணையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிமார்களின் பெருவிரலைத் துணியால் துடைத்து, மை தொட்டுப் பதித்து, மறுபடியும் அவரே துடைத்துவிடுவார். அவருடைய நினைவுரையில் இது ஒரு வரிகூட இடம்பெறவில்லை என்பது எனக்கு இன்னமும் வருத்தம்.

ஆகவே, அப்பா கூட்டிச்சென்ற நோயாளிகளின் வீடுகளுக்கு நேரில் போய், வீட்டுக்கு ஒரு சம்பவமாவது கேட்டு, அதையே முதலில் வையுங்கள். பதக்கங்களுக்கு ஒரு பத்தி போதும். மலரின் கடைசிப் பக்கத்தில், முதல்முறை ஆர்.சி.சி.க்குப் போகிறவர் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், என்னென்ன தாள்களை எடுத்துச்செல்ல வேண்டும் என்பதை அச்சிடுங்கள். சபை இளைஞர்களில் இருவர் கூடப் போக முன்வந்தால் அவர்கள் பெயரையும் அங்கேயே போட்டுவிடுங்கள்.